சொட்டு நீலம் போட்ட சட்டை

அந்தம்மா வந்து கேட்டப்ப எங்ககிட்ட கம்ப்யூட்டரே கிடையாது. அதைச் சொல்லணுமா வேண்டாமா? எங்க வூட்டுக்காரரு சொல்லல. "ஆவும்ங்க, செஞ்சிரலாம்"னுட்டாரு. அவரு வாயில முடியாதுங்கிற வார்த்தையே வராது. கேமராவைத் தூக்கிக்கிட்டு கல்யாணம் கல்யாணமா போயி, எல்லாரையும் சிரிங்க சிரிங்கன்னு சொல்லியே பழகிப்போன ஆளு.

அந்தம்மா கேட்டது ஒண்ணும் லேசுப்பட்ட விஷயம் இல்ல. அந்தம்மாவுக்கு விக்கிரமங்கலத்துப் பக்கம் ஊரு. வைகாசியில அதோட ஒரே பொண்ணு கல்யாணத்துக்கு இவருதான் வீடியோ எடுத்தாரு. பொண்ணோட அப்பா முந்தின வருசமே நெஞ்சு வலியில போய்ச் சேந்துட்டாரு. "எம் மவ கல்யாணப் படத்துல அவங்கப்பா நிக்கணும் தம்பி. மணவறைக்குப் பக்கத்துல நின்னு அட்சதை போடணும். கம்ப்யூட்டர்ல எல்லாம் வருதாமே" அப்படின்னுச்சு. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூர்ல வேலை. ஆடிக்கு அழைச்சிட்டு வர்ற பொண்ணு அம்மா வூட்டுல இருந்துட்டு, ஆவணி பொறந்ததும் ப்ளேன் ஏறிடும். அதுக்குள்ள கேசட் அது பெட்டியில இருக்கணும்.

"அங்க போயி தனியா ஒக்காந்து போட்டுப் பாக்கும்ல, அப்ப அப்பன் இல்லாத கல்யாணமா இருக்கக் கூடாது." சொல்லும்போது அந்தம்மா அழுவல. சந்தையில காய் விலை கேக்குற கொரல்லதான் சொன்னுச்சு. அதுதான் எனக்கு என்னமோ பண்ணுச்சு. அது பஸ் ஏறிப் போனப்புறம் இவரைப் புடிச்சு ஒரு வாங்கு வாங்கினேன். "எதை வச்சு செய்வீங்க? உங்க தலையை வச்சா?"

இது ரெண்டாயிரம் பொறந்து ரெண்டு மூணு வருசம் கழிச்சு. எங்க அரியலூரை மாவட்டம்னு சொல்லி போர்டு வச்சு, இல்லன்னு எடுத்து, நாங்க என்ன மாவட்டம்னு எங்களுக்கே கொழம்பிக் கெடந்த காலம். அப்ப கல்யாண வீடியோ எடுத்தா கேசட்டை எல்லாம் பைக்குள்ள போட்டு திருச்சிக்குத்தான் கொண்டு போவணும். எடிட்டிங்னு யாரு சொன்னா? மிக்ஸிங்தான். அங்க மிக்ஸிங்காரரு பொண்ணு மாப்பிள்ளையை ரோஜாப்பூக்குள்ள வப்பாரு, ஹார்ட்டின் வடிவத்துக்குள்ள வப்பாரு, சுத்த விடுவாரு. நம்ம முறை வர வரைக்கும் பெஞ்சில ஒக்காந்திருக்கணும்.

நான் பெரம்பலூர்ல பொறந்தவ. கல்யாணத்துக்கு முன்னாடி அங்க ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல மல்டிமீடியா படிச்சேன். ஒரே மவுஸுக்கு ஆறேழு பொண்ணுங்க அடிச்சிக்குவோம். அந்த அடிதடிக்கு நடுவுல ஒரு தாமரை மொட்டு விரியிற மாதிரி அனிமேஷன் பண்ணிக் காட்டினேன். இதழ் ஒண்ணொண்ணா தொறக்கும். அன்னிக்கு ராத்திரியெல்லாம் கண்ணை மூடினா இதழ் விரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கல்யாணமாகி வந்து சட்டி கழுவுறப்பவும் அப்பப்ப அது உள்ள விரியும். இவருக்கு அது தெரியும். அந்த தைரியத்துலதான் ஆவும்ங்கன்னு சொல்லியிருக்காரு மனுஷன்.

ஆனி கடைசியில திருச்சிக்குப் போயி, ஒரு கடையில சாமானெல்லாம் தனித்தனியா பொறுக்கி செட்டை சேத்துக்கிட்டோம். கல்யாணக் கேசட்டை உள்ள இழுக்குறதுக்கு ஒரு கார்டு, அதை வச்சிக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க், படம் திக்காம ஓட கூடுதல் மெமரி. கடைக்காரரு ஒவ்வொண்ணா சொருகச் சொருக நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். திரும்பி பஸ்ல வரும்போது மானிட்டரு இவரு மடியில, சி.பி.யூ பெட்டி என் மடியில. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி இருந்த ஒரு கெழவரு, "என்ன தாயி, டி.வி.யா?"ன்னாரு. "இல்லைங்க, கம்ப்யூட்டரு"ன்னேன். "அது என்ன செய்யும்?"  செத்தவரைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கிட்டு வரும்னா சொல்ல முடியும்? கீழப்பழுவூர் தாண்டினதும் ஜன்னல்ல காத்து வந்துச்சு. பெட்டியைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு தூங்கிப் போயிட்டேன். தூக்கத்துல யாரோ மொகம் தெரியாத ஒரு மனுஷன் வெள்ளை வேட்டியில வயலுக்கு நடுவுல நடந்து வராரு, எங்க பஸ்ஸுக்கு நேராவே வராரு, கிட்ட வர மாட்டேங்குறாரு. இவரு தட்டி எழுப்பினப்ப எறங்குற எடம் வந்திருந்துச்சு.

கொண்டாந்து வச்சா, எங்க மாமியா கையை விரிச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறாங்க. "நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாது."

"அத்தை, இது சாமான்தானே."

"சாமானை வச்சுக்க. ஸ்விட்சு போடாத. ஆடிப்பெருக்கு வரட்டும். அன்னிக்குப் போட்டா பெருகும்."

இவரு என்னைப் பாத்தாரு, நான் இவரைப் பாத்தேன். ஆவணிக்கு அந்தப் பொண்ணு ப்ளேன் ஏறுது. பெருக்கு வரைக்கும் சும்மா இருந்தா மிச்சம் இருக்குறது பாதி மாசம்கூட இல்ல. எவ்வளவோ மன்றாடினேன். மாமியா அசையல. "எம் புள்ள பொழப்பு இது. வெளையாட்டு இல்ல." சரின்னு கம்ப்யூட்டர் மேல ஒரு துண்டைப் போத்தி விட்டேன். கல்யாணம் முடிவாகி முகூர்த்தம் வராத பொண்ணாட்டம் அது மூலையில ஒக்காந்திருந்துச்சு.

ஆனா ஒண்ணு, அந்தச் சும்மா இருந்த நாளுலதான் ரூமு ரூமாச்சு. நெல்லு மூட்டை அடுக்கிற பின்கட்டு அறையைத்தான் எங்களுக்கு ஒழிச்சுக் குடுத்தாங்க. எலிப் புழுக்கை, உமி, சாக்கு வாசனை. கழுவிக் கழுவி எனக்கு இடுப்பு போச்சு. அதை விடப் பெரிய எதிரி தூசி. எங்க ஊரு ரோட்டுல சுண்ணாம்புக்கல்லு லாரி ஓயாது. போதாததுக்கு ஆடிக் காத்து. காலையில தொடச்ச மேசையில மத்தியானம் விரலால கோலம் போடலாம். "தூசி பட்டா சி.பி.யூ சூடாயி நின்னுடும்"னு கடைக்காரரு எச்சரிச்சு அனுப்பியிருந்தாரு. ஜன்னலுக்கு கோணிச் சாக்கை நனைச்சு தொங்க விட்டேன். அப்பப்ப தண்ணி தெளிச்சா போதும், தூசியும் நிக்கும், ஜிலுஜிலுன்னும் இருக்கும். வெளிய வெயிலு கொளுத்தும், உள்ள மங்கலா, ஈரச் சாக்கு வாசனையோட, கெணத்துக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்கும். எனக்கு அந்த ரூமை விட்டு வர மனசு வராது.

அப்புறம் எர்த். வயரிங் செஞ்சவரு பெட்டியைத் தொட்டுப் பாத்துட்டு, "சுரீர்னு ஏறும்மா, எர்த் சரியில்லாம இதை ஓட்டாதீங்க, படத்துலயும் பட்டை பட்டையா கோடு ஓடும்"னாரு. கொல்லையில குழி தோண்டி, கம்பியை எறக்கி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் போட்டு மூடினாங்க. அந்த எடம் காயக் கூடாதாம், தெனம் தண்ணி ஊத்தணுமாம். இந்த வேலையை மாமியா ஏத்துக்கிட்டாங்க. கொடத்தைத் தூக்கிக்கிட்டு வந்து செடிக்கு ஊத்துற மாதிரி ஊத்துவாங்க. யாராச்சும் என்னன்னு கேட்டா, "கம்ப்யூட்டருக்கு"ம்பாங்க. கேட்டவங்களும் தலையை ஆட்டிக்கிட்டுப் போயிடுவாங்க.

ஆடிப்பெருக்கு அன்னிக்குத் தலைக்குக் குளிச்சு, சித்ரான்னமெல்லாம் செஞ்சு, மாமியாவே ஸ்விட்சைப் போட்டாங்க. உள்ள காத்தாடி சுத்துற சத்தம். திரை இருட்டுலேருந்து மெதுவா வெளுத்து, நீலமாச்சு.  மாமியா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. 

மறுநாளே அந்தக் கல்யாணக் கேசட்டை உள்ள இழுக்க ஆரம்பிச்சேன். கேப்சர்ம்பாங்க. வி.சி.ஆர்ல கேசட் ஓடுற வேகத்துலதான் உள்ள போவும், அவசரப்படுத்த முடியாது. அதனால முழுக் கல்யாணத்தையும் நான் ஒக்காந்து பாக்க வேண்டியதாப் போச்சு. நலுங்கு, மாப்பிள்ளை அழைப்பு, சாப்பாட்டுப் பந்தி, மேளக்காரரு கன்னம் உப்புறது. பொண்ணு அழகு. கறுப்பு, களையான மொகம். ஆனா தாலி கட்டுற நேரம் வரைக்கும் கண்ணு எங்கேயோ தேடிக்கிட்டே இருக்கு. அப்பாவைத் தேடுதுன்னு நெனச்சேன். பாவம்னு வாய் விட்டுச் சொன்னேன்.

ரெண்டாவது கேசட் ஓடுறப்பதான் ஒரைச்சுது. அந்தம்மா எங்க? பொண்ணைப் பெத்தவளைக் காணோமே! பந்தியில இல்ல, மணவறையில இல்ல, ஆசீர்வாதத்துல இல்ல. சித்தப்பா சித்திதான் பாத பூஜை ஏத்துக்கிறாங்க. ஒரு எடத்துல தூணுக்குப் பின்னாடி ஒரு முந்தானை ஓரம் தெரியுது. கேமரா அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள அதுவும் உள்ள போயிடுச்சு.

இவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்தம்மாவை நீங்க எடுக்கவே இல்லையா?"

"தாலி அறுத்தவங்களை அந்த நேரத்துல காட்டக் கூடாதுன்னு கல்யாண வூட்டுலயே சொல்லி வச்சிருவாங்க. நாங்களும் வெலகிப்போம். அதுவா முன்னாடி வந்தாத்தானே எடுக்க?"

"நல்லா இருக்கே உங்க ஞாயம். செத்தவரைக் கூட்டிக்கிட்டு வரணுமாம், உசிரோட இருக்குறவளைத் தூணுக்குப் பின்னாடி தள்ளிடுவீங்களாம்!" எனக்கு வந்த ஆத்திரத்துல அன்னிக்குக் கொழம்புல உப்பு ரெண்டு தடவை விழுந்துருச்சு. இவரு வாயைத் தொறக்காம தின்னுட்டுப் போனாரு. அவரு மேல தப்பு இல்லன்னு எனக்கும் தெரியும். யாரு மேலன்னுதான் தெரியல.

அப்பாவோட படம்னு அந்தம்மா கொண்டு வந்து குடுத்தது ஒண்ணே ஒண்ணு. சொசைட்டியில குடுக்கறதுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை, காரியத்துக்காக ஸ்டூடியோவுல பெருசு பண்ணி கண்ணாடி போட்டிருந்தாங்க. ஸ்டூடியோக்காரரு சும்மா இருப்பாரா? கோட்டும் டையும் மாட்டி விட்டுட்டாரு. "அவரு ஆயுசுல சட்டைக்கு மேல்பட்டன் போட்டதில்ல தாயி"ன்னு அந்தம்மா சிரிச்சுச்சு. நெத்தியில, கண்ணாடி மேல, குங்குமம் வச்சு வச்சு கெட்டியாயிருந்துச்சு. தொடைக்கவான்னு கேட்டேன். தானே முந்தானையில தொடச்சுக் குடுத்துச்சு.

மொகம் கெடச்சுது. ஒடம்பு? கழுத்துக்குக் கீழ கோட்டுதான் இருக்கு, இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. மணவறைக்குப் பக்கத்துல நின்னு கையை ஒசத்தி அரிசி போடணும்னா ஒரு உசிருள்ள ஒடம்பு வேணும். நீலத் துணியைக் கட்டி அதுக்கு முன்னாடி ஒருத்தரை நிக்க வச்சு எடுத்தா, கம்ப்யூட்டரு நீலத்தை மட்டும் அழிச்சிட்டு ஆளை விட்டுரும். அந்த ஆளு மேல அப்பா மொகத்தை ஒட்டிடலாம். லேயர்னு பேரு. துணியை ஒண்ணு மேல ஒண்ணா விரிக்கிற மாதிரி: அடியில கல்யாணம், அதுக்கு மேல ஒடம்பு, அதுக்கு மேல மொகம். நானே நிக்கிறேன்னு இவரு சொன்னாரு.

மாமியா கேட்டுட்டாங்க. அவ்வளவுதான், வூடு ரெண்டாச்சு. "எம் புள்ள ஒடம்புல செத்தவன் தலையை வக்கிறீங்களா? வெளங்குமா? உனக்குப் புத்தி இருக்கா? எம் புள்ளைக்குத்தான் இல்ல, உனக்குமா இல்ல?" சொல்லிட்டு மூலையில ஒக்காந்து அழ ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கும் திடுக்குன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. நெத்தியில பொட்டை வச்சுக்கிட்டு, எம் புருஷன் ஒடம்புல செத்தவரு தலையை நான் எப்படி ஒட்டிப் பாப்பேன்? வேற யாரைக் கேக்குறது? காசு குடுத்தாலும் எந்த ஆம்பளை வந்து நிப்பான்? ஊருல ஒருத்தரும் சம்மதிக்க மாட்டாங்க.

அந்தம்மா அடுத்த தடவை வந்தப்ப விஷயத்தைச் சொன்னேன், ஆவாது போலிருக்குன்னு. கொஞ்ச நேரம் சாக்குல சொட்டுற தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் கேட்டுச்சு, "நான் நின்னா ஆவுமா? மூஞ்சி தெரியப் போறதில்லையே."

 ஏன் எங்க ஒருத்தருக்கும் இது தோணல?

ரெண்டு நாள் கழிச்சு புருஷனோட சட்டையையும் வேட்டியையும் எடுத்துக்கிட்டு வந்துச்சு. டிரங்குப் பெட்டியில பாச்சா உருண்டை போட்டு வச்சிருந்ததாம். பளீர்னு தொவச்சு மடிச்சு, பேப்பர்ல சுத்திக் கொண்டாந்திருந்துச்சு. மவகிட்ட மிளகாய் அரைக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கு. சும்மா வரக் கூடாதுன்னு மிளகாயும் கொண்டாந்துச்சு. டவுனு மில்லுல அதையும் அரைச்சாச்சு.

இவரை வெளிய அனுப்பிட்டு நான்தான் வேட்டி கட்டி விட்டேன். பொடவை மேலயே சட்டையைப் போட்டுச்சு. சட்டை தோள்ல தொங்குது. கையை மடிச்சு விடப் போனேன். "வேணாம் தாயி, அவரு மடிக்க மாட்டாரு"ன்னுச்சு. கடையில வாங்கின நீலப் பாவாடைத் துணியை முத்தத்து செவுத்துல அடிச்சு, முன்னாடி நிக்க வச்சு எடுத்தோம். கையில அரிசி இல்லாம சும்மா வீசிக் காட்டுச்சு. எடுத்து முடிச்சதும் விறுவிறுன்னு கழட்டிக் குடுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடிப் போச்சு.

கம்ப்யூட்டர்ல ஏத்தி நீலத்தை எடுக்கச் சொன்னேன். செவுரு போச்சு. கூடவே சட்டையும் போச்சு! மார்ல ஒரு ஓட்டை, வேட்டியில அங்கங்க ஓட்டை, ஓட்டை வழியா மாப்பிள்ளையோட மாலை தெரியுது. அளவைக் கொறச்சா செவுரு வருது, கூட்டினா ஆளு போறாரு. அன்னிக்கு பூரா மல்லுக்கட்டினேன். மாமியா கெணத்தடியில துணி அலசிக்கிட்டு இருந்தாங்க. போயி மூஞ்சியைக் கழுவலாம்னு போனேன். வாளித் தண்ணியில சொட்டு நீலம் விட்டு, மாமனாரு வேட்டியை முக்கிக்கிட்டு இருக்காங்க.

அடக் கடவுளே! பேப்பர்ல இருந்த சட்டையை எடுத்து வெயில்ல பிரிச்சுப் பாத்தேன். வெள்ளையா அது? மடிப்பு மடிப்பா நீலம். புருஷன் சட்டை பளிச்சுன்னு இருக்கணும்னு அந்தம்மா வழக்கத்தை விட ரெண்டு சொட்டுக் கூடவே விட்டிருக்கு. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? நீலத்தை எடுன்னேன், எடுத்துச்சு. கெணத்தடியிலயே ஒக்காந்து சிரிச்சேன், சிரிச்சு முடிக்கையில பாத்தா கண்ணுல தண்ணி. ஆடி முடிய ஒரு வாரம்கூட இல்ல.

இவரு பைக்கை எடுத்துக்கிட்டு விக்கிரமங்கலம் போயி, பொண்ணுக்குத் தெரியாம தகவல் சொல்லி, அந்தம்மாவை மறுபடி வரவச்சாரு. இந்தத் தடவை பச்சைத் துணி. அந்தம்மாவுக்கு என்னமோ பெரிய தப்புப் பண்ணின மாதிரி கூச்சம். "சொட்டு நீலம் போட்டது என் தப்புதான் தாயி."

"போங்க பெரியம்மா, எந்த ஊருல பொம்பளை நீலம் போடாம வெள்ளைத் துணி தொவைக்கிறா?"

கேமரா ஓட ஆரம்பிச்சுது. அந்தம்மா கையை ஒசத்துச்சு. போன தடவை மாதிரியே வெறுங்கை. அப்ப உள்ளேருந்து மாமியா வந்தாங்க. எம் புள்ள ஒடம்புல வைக்காதேன்னு அழுத அதே மாமியா. ஒரு தட்டுல பச்சரிசி, மஞ்சள் பெசறினது. நேரா போயி அந்தம்மா முன்னாடி நீட்டினாங்க.

அந்தம்மா கை பின்னாடி போயிடுச்சு. "நான் தொடலாமாக்கா?"

"ஒம் மவளுக்குத்தான போடுற. அள்ளு."

அள்ளுச்சு. அள்ளின வேகத்துல பாதி அரிசி சட்டை மேலயே விழுந்துச்சு. முத்தத்துல நல்ல வெயிலு. பச்சைத் துணி காத்துல லேசா உப்பி உப்பி அடங்குது. எதிர்ல பொண்ணும் இல்ல மாப்பிள்ளையும் இல்ல, கொடிக்கம்பியும் தண்ணித் தொட்டியும்தான். அந்த வெத்து எடத்தைப் பாத்து அந்தம்மா அட்சதை போட்டுச்சு. இவரு கேமராவுலேருந்து கண்ணை எடுக்காம நின்னாரு. நிறுத்துன்னு யாரும் சொல்லல, தட்டு காலியாகுற வரைக்கும் போட்டுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குக் கனவு மாதிரிதான் ஞாபகம் இருக்கு. ஈரச் சாக்கு ரூமுக்குள்ள நானும் அந்தப் பெரிய மனுஷனும் மட்டும். போட்டோவுல இருந்த மொகம் அசையாது, ஒடம்பு அசையும். ஒடம்பு கொஞ்சம் சாஞ்சா மொகத்தையும் சாய்க்கணும், ஒவ்வொரு படமா, நூலு அளவு. சாய்ச்சுச் சாய்ச்சு, ஒரு கட்டத்துல அவரு மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு. நான் அவருகிட்ட பேச ஆரம்பிச்சிட்டேன். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்கய்யா. ஆங், போதும்." தாமரை மொட்டு விரிஞ்ச கதையாத்தான் அவரையும் கொண்டாந்தேன்: முதல்ல புகை மாதிரி, அப்புறம் வேட்டி, சட்டை, மொகம். எல்லாம் முடிச்சு, மொத்தப் படத்தையும் வரைஞ்சு குடுன்னு கம்ப்யூட்டர்கிட்ட விட்டுட்டா, காலையில காப்பி நேரத்துல ஆரம்பிச்சது வெளக்கு வைக்கிற வரைக்கும் ஓடும். கரண்டு போயிடக் கூடாதேன்னு மாமியா வேண்டிக்காத சாமி இல்ல.

ஆடி கடைசி நாளு. பொண்ணையும் கூட்டிக்கிட்டு அந்தம்மா வந்துச்சு. அவங்க வூட்டுல வி.சி.ஆர் கிடையாது, இங்கதான் பாக்கணும். பொண்ணை மானிட்டர் முன்னாடி ஸ்டூல்ல ஒக்கார வச்சேன். அந்தம்மா நெலைப்படியை விட்டு உள்ள வரல. எத்தனை தடவை கூப்பிட்டும், "நீ பாரு, நீ பாரு"ன்னுதான் சொன்னுச்சு.

நாதசுரம் எழும்புச்சு. தாலி ஏறுச்சு. மணவறைக்கு எடது பக்கம் புகை மாதிரி ஒண்ணு கூடுச்சு. அதுக்குள்ளேருந்து அப்பா வந்து நின்னாரு. கையை ஒசத்தினாரு. மஞ்சள் அரிசி பொண்ணு தலையில விழுந்துச்சு.

பொண்ணு ஸ்டூல் நுனிக்கு வந்திருச்சு. முடிஞ்சதும், "இன்னொரு தடவை போடுங்கக்கா"ன்னுச்சு. போட்டேன். மூணாவது தடவை பாதியில, "நிறுத்துங்க"ன்னுச்சு. எழுந்து போயி மானிட்டர் கண்ணாடியில கையை வச்சுச்சு. அப்பா மொகத்துல வக்கும்னு பாத்தேன். வக்கல. அரிசி போடுற கையில வச்சுச்சு.

"இது எங்கம்மா கை."

நெலைப்படியிலேருந்து அந்தம்மா, "அடி போடி, அது உங்கப்பா"ன்னு ஆரம்பிச்சுது.

"சும்மா இரும்மா. இந்தக் கையில சோறு வாங்கித் தின்னவ நான். எனக்குத் தெரியாதா?" திரும்பி என்னைப் பாத்துச்சு. மொகமெல்லாம் தண்ணி. "அன்னிக்கு மணவறையில எங்கம்மாவைத்தான் தேடிக்கிட்டே இருந்தேன்க்கா. அப்பா இல்ல, அது தெரியும். இவ இருந்தா, இருந்தும் வரல. யாரும் விடல. நானும் கூப்பிடல." மொகத்தைத் தொடச்சுக்கிச்சு. அப்புறம், "அக்கா, அப்பா மூஞ்சியை எடுக்க முடியுமா? அடியில எங்கம்மா மூஞ்சி இருக்குல்ல?"

இருக்கு. இத்தனை நாளும் அதை மூடி மறைக்கத்தானே பாடுபட்டேன். ஒரே ஒரு தட்டு. மவுஸை நகர்த்தி, மேல இருந்த அந்த லேயரை அணைச்சேன்.

மாத்தினதை கம்ப்யூட்டரு இன்னும் வரைஞ்சு முடிக்கல, அதனால விட்டு விட்டு ஓடுச்சு. மாலையும் கழுத்துமா நிக்கிற பொண்ணு மாப்பிள்ளைக்குப் பக்கத்துல, தொளதொளன்னு புருஷன் சட்டையைப் போட்டுக்கிட்டு அந்தம்மா நின்னுச்சு. அரிசியை அள்ளி அள்ளிப் போட்டுச்சு. நான் அதுவரைக்கும் கையை மட்டுமே பாத்து வேலை செஞ்சிருந்தேன். அப்பதான் கவனிச்சேன், வாயும் அசையுது. அந்த அசையாத போட்டோவுக்கு அடியில ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் அந்தம்மா எதையோ சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. முத்தத்துல பக்கத்துல நின்ன எங்களுக்கே அது கேக்கல.

"என்னம்மா சொன்ன?" பொண்ணு திரும்பாமலே கேட்டுச்சு.

அந்தம்மா நெலைப்படியைத் தாண்டி உள்ள வந்துச்சு. மவ தலையில கையை வச்சு, அன்னிக்கு முத்தத்துல முணுமுணுத்த ஆசீர்வாதத்தை இன்னொரு தடவை, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னுச்சு.